எங்கள் ஒரே வாசலில் நிற்கும் மின்சார முச்சக்கரவண்டி

அனுப்புநர்:
திருமதி யசிந்தா லெனாட்,
மீன் வியாபாரி,
கடற்கரை மூன்றாம் ஒழுங்கை,
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
யாழ்ப்பாணம்.

பொருள்: உப்புநீர் புகுந்து பழுதடைந்த முச்சக்கரவண்டிப் பற்றரியை எங்கள் வீட்டு வாசலில் மீண்டும் மின்னேற்றாதிருக்கும்படி என் கணவருக்கு முத்திரையிட்ட கடிதம் ஒன்று வழங்குமாறும், அப்பற்றரியை அப்புறப்படுத்த உதவுமாறும் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மனுக்கள் கிராம அலுவலர் ஊடாக வரவேண்டும் என்பதை நான் அறிவேன். ஆயினும் எங்கள் கிராம அலுவலரும் என் கணவரும் ஒரே உதைபந்தாட்டக் கழகத்தில் விளையாடியவர்கள். அவர் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களின் வாயில் செய்தி தங்காது. காலையில் அவரிடம் கொடுத்தால் மத்தியானச் சோற்றுக்கு முன் அது என் கணவரின் காதுக்கு எட்டிவிடும். இது என் கணவருக்குத் தெரியாமல் எழுதப்படும் மனு. ஆகவே ஒழுங்கை மீறி நேரடியாகத் தங்களுக்கு எழுதுவதைப் பொறுத்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் முதலில் சென்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளை, பயமாக்கிடக்கு எண்டெல்லாம் மனுவிலை எழுதேலாது. பாதிப்பு எண்டுதான் போடவேணும்" என்றார். எனக்கு இன்னும் பாதிப்பு ஏற்படவில்லை, ஐயா. பயம்தான் ஏற்பட்டிருக்கிறது. பாதிப்பு ஏற்பட்ட பின்னர் மனு எழுத நான் இருப்பேனா என்பதே அந்தப் பயம். ஆகவே அவருக்கு நன்றி கூறி எழுந்து வந்து, சாதாரண தரம் வரை படித்த தமிழில் நானே எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் அவை என்னுடையவை.

3. என் கணவர் அடைக்கலநாதன் லெனாட், வயது நாற்பத்து நான்கு. எங்களுக்கு லவீனா, ஜெசிதா என இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறாள், இளையவளுக்கு ஏழு வயது. என் கணவர் முன்னர் படகு இயந்திரங்கள் திருத்தியவர். எங்கள் கரையில் அவருக்கு அதில் பெரிய பெயர். ஒருமுறை கடலில் தாண்டு, அடியில் மூன்று நாட்கள் கிடந்த இயந்திரத்தைக் கரைக்கு எடுத்து வந்து, கழற்றி, கழுவி, காயவைத்து, பூட்டி, ஒரே இழுப்பில் இயங்க வைத்தவர். அந்தக் கதையைக் குருநகரில் கேட்காதவர் இல்லை. கேட்காதவர் எவராவது இருந்தால் அவரே தேடிப்போய்ச் சொல்லிவிடுவார். இடுப்பு விட்டுப்போய்ப் பாரம் தூக்க இயலாமல் ஆனபின்புதான் முச்சக்கரவண்டி ஓட்டத் தொடங்கினார்.

4. நானும், றோஸ் அக்காவும், லூர்த்தம்மா மாமியும் விடியற்காலையில் கரையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, என் கணவரின் வண்டியில் அச்சுவேலிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர்கள். முன்னர் எங்களிடம் இருந்தது பெற்றோல் வண்டி. 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாத காலத்தில் அவர் மூன்று நாட்கள் வரிசையில் நின்றார். வண்டிக்குள்ளேயே உறங்கினார். நான் பாண் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவருக்கு முன்னால் நான்கு வண்டிகள் நிற்கும்போது பெற்றோல் முடிந்துவிட்டது. நாங்கள் வாங்கி வைத்திருந்த பாரை மீனும் சூடை மீனும் பெட்டியிலேயே கெட்டுவிட, அவற்றை வந்த கடலிலேயே திருப்பிக் கொட்டினோம். அன்று அவர் இனி எந்த வரிசையிலும் நிற்பதில்லை என்று மாதா சுருவத்துக்கு முன்னால் சொன்னார். அந்த மனிதரை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன்.

5. சென்ற வருடம் ஐப்பசியில் மின்சார வண்டி வாங்கினோம். பெற்றோல் வண்டியை நல்லூரைச் சேர்ந்த முத்துக்குமாரு என்பவருக்கு விற்றோம். போதாததற்கு என் தாலிக்கொடி போயிற்று. நான் மின்சார வண்டிக்கு எதிரானவள் அல்ல என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் மாற்றத் தேவையில்லை, பிளக் கழற்றத் தேவையில்லை, புகையில்லை, சத்தமில்லை. சத்தமில்லாததால் கோப்பாயில் றோட்டில் படுத்திருக்கும் நாய்கள்கூட எங்களை வண்டியாக மதிக்கவில்லை. பெற்றோலுக்குச் செலவான காசில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரத்துக்குச் சென்றது. வீட்டு மின்பட்டியலில் அலகு கூடக்கூட அலகின் விலையும் கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படியிருந்தும் ஆதாயம்தான். சோழகம் எழும்பியபின் அச்சுவேலியிலிருந்து திரும்பும்போது காற்று முகத்தில் அடிக்கும், பற்றரி வேகமாக இறங்கும். அதற்கும் அவர் வழி கண்டிருந்தார். இறக்கத்தில் மெதுவாக விடுவார், யாரையும் ஏற்றமாட்டார், பாட்டுப் போடமாட்டார். கடைசி இரண்டு கட்டைத் தூரமும் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டே வருவோம்.

6. இனிக் கூறப்போவது எங்கள் பிழை. மறைத்து எழுதினால் தாங்கள் எனக்கு உதவமுடியாது. கடலுக்குப் போய்வந்த இயந்திரத்தை நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவ வேண்டும். உப்பு தங்கினால் இயந்திரம் செத்துவிடும். இது எங்கள் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மின்சார வண்டியில் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதற்கு மேலேதான் மீன்பெட்டிகள். மீன் இன்னும் குளிர்ந்து கெடாதிருக்க நாங்கள் ஐஸுக்கு உப்புப் போடுவோம். அந்த உப்புத்தண்ணீர் தினமும் கீழே ஒழுகியது. அதைக் கண்ட என் கணவர், தன் தொழிலில் கற்ற பாடத்தை மறக்காமல், ஒவ்வொரு நாளும் சந்தையால் வந்ததும் குழாயைப் பிடித்து அந்தப் பற்றரிப் பெட்டியை நன்றாகக் கழுவினார். ஒரு நாள் தவறவில்லை. பெரிய வெள்ளிக்கிழமையிலும் கழுவினார். ஒன்பது மாதங்களாகக் கழுவிக் கழுவி உப்பை உள்ளே அனுப்பியிருக்கிறார். அசட்டையாக விட்டிருந்தால் அந்தப் பற்றரி பிழைத்திருக்கக்கூடும். அன்பாகப் பார்த்ததால் பழுதாயிற்று.

7. சென்ற யூலை மாதம் 15ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, சந்தை முடிந்து திரும்பும் வழியில், நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலுக்கு முன்னால் வண்டி தானாக நின்றது. முதலில் ஒரு மணம் வந்தது. பிளாஸ்ரிக் கருகும் மணத்தோடு ஏதோ இனிப்புப் பண்டம் போன்ற மணமும் கலந்திருந்தது. றோஸ் அக்கா, "ஆர் இஞ்சை தொதல் கிண்டுகினம்?" என்று கேட்டார். அடுத்த கணம் எங்கள் இருக்கைக்குக் கீழிருந்து வெள்ளைப் புகை வந்தது. நாங்கள் மூவரும் குதித்தோம். லூர்த்தம்மா மாமிக்கு அறுபத்தெட்டு வயது. அவர் குதித்ததை நான் இன்றுவரை நம்பவில்லை. சைக்கிளில் வந்த பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களைத் துரத்தித் துரத்தியே என் தொண்டை கட்டிப்போனது. என் கணவர் மீன்பெட்டியில் கிடந்த ஐஸ் தண்ணீரையே அள்ளி அள்ளி ஊற்றினார். அதுவும் உப்புத்தண்ணீர்தான் என்று அந்நேரம் எவருக்கும் தோன்றவில்லை. புகை நின்றது. கடவுள் காத்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும், அது உள்ளே போய் இருந்துகொண்டது என்ற எண்ணம் அன்றே வந்துவிட்டது.

8. வண்டி வாங்கிய கடைக்குக் கட்டி இழுத்துப் போனோம். கடையின் பெயரை இங்கு எழுதவில்லை. வழக்கு, வக்கீல் என்று வந்துவிடுமோ என்ற பயமே காரணம். தண்ணீர் புகுந்த பற்றரிக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். புதிய பற்றரியின் விலையைச் சொன்னார்கள். அது வண்டியின் விலையில் பாதிக்கு மேல். பழைய பற்றரியை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டேன். அதற்கும் தங்களிடம் இடமில்லை என்றார்கள். நாங்கள் புறப்படும்போது அங்கு வேலைசெய்யும் இளைஞர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, உது உள்ளுக்கை வீங்கிப்போச்சுது. உதைத் திருப்பிச் சார்ச் பண்ண விடாதேங்கோ. வீட்டுக்குள்ளை வைக்காதேங்கோ. பத்தினா தண்ணியாலை நூராது" என்றார். அதை ஒரு கடதாசியில் எழுதித் தருமாறு கெஞ்சினேன். வேலை போய்விடும் என்றார். அவரது பெயரையும் நான் எழுதவில்லை. அவர் சொன்னதை என் கணவரிடம் சொன்னபோது, "உவன் சின்னப் பெடியன். உவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

9. அன்று முதல் என் கணவர் அந்தப் பற்றரியைத் திருத்துகிறார். பெட்டியைத் திறந்து, பித்தளை முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெற்றோல் துணியால் துடைத்து, வண்டியைத் தள்ளி வெயிலில் விட்டு மூன்று கிழமைக்கு மேலாகக் காயவைத்தார். பெற்றோல் வேண்டாம் என்று மின்சார வண்டி வாங்கியவர் அதைத் துடைக்கப் பெற்றோல் வாங்கி வந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பற்றரியின் மூடி இப்போது பொருந்துவதில்லை. உள்ளே வீங்கியிருப்பதால் நைலோன் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். வண்டி ஓடாமல், மின் ஏறாமல், சும்மா நிற்கும்போதும் அதன் ஒரு மூலை சூடாக இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல நான் ஒவ்வொரு நாள் காலையும் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். வெயில் சூடு என்கிறார் அவர். விடியும் முன் ஏது வெயில்?

10. எங்கள் வீட்டின் அமைப்பைத் தாங்கள் அறிய வேண்டும். ஒரு முன்னறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். பின்பக்கம் முழுவதும் அயல்வீட்டுச் சுவர். யன்னல்களுக்கு இரும்புக் கம்பி. வெளியேற ஒரே ஒரு வாசல். அந்த வாசலை அடைத்துக்கொண்டுதான் வண்டி நிற்கிறது. முன்சில்லு முன்னறைக்குள், மீதி ஒழுங்கையில். வெளியே விட்டால் களவு போகும் என்பதாலும், மின் செருகும் துளை முன்னறையில் இருப்பதாலும் வாங்கிய நாள் முதல் அப்படித்தான். நாங்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் வீட்டுக்குள் போய்வருகிறோம். அந்த முன்னறையில்தான் பிள்ளைகள் இருவரும் பாய் போட்டுப் படுக்கிறார்கள். இடதுபக்க வீடு செபநாயகம் அண்ணையுடையது. அவர் தன் படகுக்கான மண்ணெண்ணெயையும் பெற்றோலையும் எங்கள் சுவரோடு உள்ள கொட்டிலில் வைத்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. கடல்தொழில் செய்பவர் எரிபொருளைத் தலையணைக்குக் கீழா வைப்பார்? எங்கள் ஒழுங்கைக்குள் தீயணைப்பு வண்டி வராது. செத்தவரைக் கொண்டுபோகும்போதுகூடப் பெட்டிக்கு இருபக்கமும் ஆள் நிற்க இடமில்லாமல், முன்னும் பின்னும் நின்றே தூக்குகிறோம்.

11. நாங்கள் நெருப்பைக் காணாத ஆட்கள் அல்ல, ஐயா. பெற்றோலோடும் மண்ணெண்ணெயோடும் பிறந்து வளர்ந்தவர்கள். பெற்றோல் கோபிக்கும் முன்னர் மணக்கும். எங்கே வைக்கக்கூடாது, எதனால் மூடவேண்டும், மண்ணை எங்கே குவித்து வைக்கவேண்டும் என்பது கைக்குத் தெரியும். வெடிபொருள் கண்டால் என்ன செய்வதென்றும் எங்களுக்குப் பாடசாலையிலேயே சொல்லித் தந்தார்கள். தொடாதே, கிட்டப் போகாதே, அறிவி. அறிவித்தால் ஆட்கள் வந்தார்கள், சிவப்பு நாடா கட்டினார்கள், எடுத்துப் போனார்கள். இந்தப் பற்றரி விடயத்தில் யாருக்கு அறிவிப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. மூன்று அலுவலகங்களுக்குச் சென்றேன். மூன்றிலும் கதிரை தந்து கதைத்தார்கள், மூன்றிலும் அது தங்கள் பகுதிக்குரியதல்ல என்று மரியாதையாகச் சொன்னார்கள். பழைய இரும்பு எடுப்பவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தன் தராசையும் மறந்து போய்விட்டார். கடலில் தாழ்த்திவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். செபநாயகம் அண்ணை, "எண்ணெய்க் கானோடை உதையும் ஏத்திக்கொண்டு நான் கடலுக்குப் போறதோ? வேறை ஆளைப் பார் பிள்ளை" என்று கும்பிட்டுவிட்டார். எங்களுக்குச் சோறு போடும் கடலில் அதைப் போட எனக்கும் மனமில்லை.

12. சென்ற வாரம்வரை என் கணவர் காயவைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆகவே நானும் பொறுத்திருந்தேன். கடந்த சனிக்கிழமை நான் வாடகை வண்டியில் சந்தைக்குப் போயிருந்த நேரம் பத்து நிமிடம் மின்னைச் செருகிப் பார்த்திருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை. லவீனா சொன்னாள். "அம்மா, அப்பா வயரைப் போட உள்ளுக்கை பாம்பு சீறுற மாதிரிச் சத்தம் கேட்டது. அப்பா கெதியா இழுத்துப்போட்டார். உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர்" என்றாள். அவள் பொய் சொல்லும் பிள்ளை அல்ல. நான் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்காமல், "அது ஈரம். இன்னும் ரெண்டு வெயில் காய்ஞ்சால் சரி. தாண்ட எஞ்சினையே எழுப்பினனான், உது என்ன பெரிய விசயமே?" என்றார். சூடு கண்ட பூனை அடுப்படி நாடாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனை அடுப்புக்குள்ளேயே படுக்கை விரிக்கிறது.

13. வருகிற ஞாயிற்றுக்கிழமை, 24ஆம் திகதி, காலைப் பூசை முடிந்து வந்து முழுமையாக மின்னேற்றப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மச்சம் சாப்பிடுபவர்கள் குறைவு, வியாபாரமும் குறைவு. அதனால்தான் அவரும் ஆறுதலாகத் திருத்திக்கொண்டிருந்தார். திருவிழா முடிந்த கையோடு மீனுக்கு விலை ஏறும். அந்தத் திங்கட்கிழமைச் சந்தையைத் தவறவிடக்கூடாது என்பது அவரது எண்ணம். வாடகை வண்டிக்குக் கொடுத்தபின் எங்கள் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதும் உண்மை. அவர் சோம்பேறியாகவோ குடிகாரராகவோ இருந்திருந்தால் இந்த மனுவே தேவைப்பட்டிருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பழைய பெற்றோல் வண்டியை இப்போதும் ஓட்டும் முத்துக்குமாரு, எதிரில் காணும்போதெல்லாம் கோர்ண் அடித்துக் கை காட்டுகிறார். அவர் சந்தோஷத்தில்தான் காட்டுகிறார். என் கணவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

14. நான் தடுத்தால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். தடுத்தேன். கெஞ்சினேன், ஏசினேன், இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். பங்குத் தந்தையிடம் சொல்லிச் சொல்வித்தேன். என் கணவர் பங்குத் தந்தைக்கு முன்னால் தலையாட்டிவிட்டு வந்து உப்புத்தாளை எடுத்தார். ஆனால் என் கணவரிடம் ஒரு குணம் உண்டு. பாஸ் இல்லாமல் கடலில் இறங்கக்கூடாது என்றிருந்த யுத்த காலத்தில் கரையில் வளர்ந்தவர் அவர். கடதாசியில் முத்திரை இருந்தால்தான் அன்று படகு இறங்கும். முத்திரை இல்லாமல் இறங்கிய தன் சிறிய தகப்பன் திரும்பி வராததைக் கண்டவர். அதனால் அரச முத்திரை குத்திய ஒரு கடதாசியை மீறி அவர் இன்றுவரை ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார். மனைவியின் வாய்க்கு முத்திரை இல்லை, ஐயா. அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

15. சனிக்கிழமை நடந்ததை அறிந்தபின் எனக்கு நித்திரை இல்லை. ஞாயிறு காலை எல்லோரும் பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது, மின்மானிக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து பீங்கான் பியூஸ் கட்டையைக் கழற்றி என் மீன்காசுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று முதல் இன்றுவரை எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. லவீனா செபநாயகம் அண்ணை வீட்டு விறாந்தையில் இருந்து படிக்கிறாள். ஜெசிதா விசிறி இல்லாமல் இரவில் இருமுறை எழும்பி அழுகிறாள். என் கணவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியை மூடிவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால், அடிக்கக் கை ஓங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. கதைக்காமல் இருக்கும்போதுதான் அவர் யோசிப்பார். யோசித்து அவர் திருத்தாத பொருள் எங்கள் கரையில் இல்லை.

16. ஆகவே தங்களிடம் நான் பணிவுடன் வேண்டுவது: மேற்படி பற்றரியை வீட்டில் மின்னேற்றக்கூடாது என்று என் கணவரின் பெயருக்கு, தங்கள் கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் வழங்க வேண்டும். முத்திரை தெளிவாக விழவேண்டும். மங்கலாக இருந்தால் அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அடுத்து, இந்தப் பற்றரியை யார் எடுப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்பதைத் தெரிந்த ஒருவரை அனுப்பி, வண்டியோடு வேண்டுமானாலும், அதை எங்கள் வாசலிலிருந்து எடுப்பிக்க வேண்டும். வண்டி போனால் போகட்டும். எங்களைப் போல எத்தனை பேர் பெற்றோலுக்குப் பயந்து இந்த வண்டிகளை வாங்கி, மீன்பெட்டியும் உப்புத்தண்ணீரும் ஏற்றி, குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. கழுவக்கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒட்டச் செய்தால் புண்ணியமாக இருக்கும். நட்டஈடு எதுவும் நான் கேட்கவில்லை.

17. கடிதத்தில் என் பெயர் வரவேண்டாம். பொதுமக்களின் முறைப்பாட்டின் பேரில் என்று போட்டால் போதும். என் கணவர் பிறகு அறிந்தால் கோபிப்பார். கோபிக்க அவர் இருந்தால் எனக்கு அது போதும். எரிந்தபின் அறிக்கை எழுத வருவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தங்கள் மேசையில் இதைவிடப் பெரிய துன்பங்கள் குவிந்திருக்கும் என்பதை அறிந்தும், நாள் குறிக்கப்பட்டுவிட்ட துன்பம் இது என்பதால் முன்னால் எடுத்துப் பார்க்குமாறு மன்றாடுகிறேன்.

இவ்வண்ணம்,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

யசிந்தா லெனாட்

இடம்: குருநகர்
திகதி: 2025.08.20

பிற்சேர்க்கை: இம்மனுவை நேற்று எழுதி முடித்துத் தபாலில் இட வைத்திருந்தேன். இன்று 21ஆம் திகதி காலை என் கணவர் கடைக்குப் போய்வந்தார். அவர் கையில் ஒரு முழ நீளச் செப்புக்கம்பி இருந்தது. பியூஸ் கட்டை இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் கம்பியை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைவரை பொறுப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை. ஆகவே தபாலை நம்பாமல் நேரில் கொண்டுவந்திருக்கிறேன். பிள்ளைகளைப் பாடசாலைக்கு விடவில்லை. இருவரையும் என்னோடு கூட்டி வந்து தங்கள் அலுவலக வாசலில் இருக்கிறேன். மீன்பெட்டியோடு இருக்கும் பெண் நான்தான். எங்கள் மூவருக்கும் இப்போது ஆபத்தில்லை. வீட்டில் அவர் மட்டும்தான் இருக்கிறார், ஐயா. தயவுசெய்து கெதியாக வாருங்கள்.

ய. லெனாட்